ஆன்டெனாவில் சேனல் வரவில்லையா? அனலாக் நின்ற அமெரிக்காவில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவில் கேபிள் சந்தாவை நிறுத்திவிட்டு ஆன்டெனா மாட்டுகிற நம்மவர்கள் சொல்லும் குறைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றுமே வரவில்லை, போன மாதம் வரை வந்த சேனலைக் காணோம், எல்லாம் வருகிறது, 7 மட்டும் உடைந்து உடைந்து வருகிறது. உடனே அதைவிடப் பெரிய ஆன்டெனா வாங்கப் போய்விடுகிறார்கள். அட்டைப்பெட்டியில் 200 மைல் பிடிக்கும் என்று போட்டிருக்கும். அந்த மைல் கணக்கை நம்பவே நம்பாதீர்கள். பல வீடுகளில் ஆன்டெனா நன்றாகத்தான் இருக்கிறது. நிலையம் அலைவரிசை மாறியது வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அது எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முழு ஆற்றல் நிலையங்கள் பழைய ஒளிபரப்பு முறையான அனலாக்கை நிறுத்த முதலில் குறித்த நாள் 2009 பிப்ரவரி 17. டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்க அரசு வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் கூப்பன் கொடுத்துவந்தது. அதற்கு ஒதுக்கிய பணம் ஜனவரியிலேயே தீர்ந்து, மக்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். கெடு ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. அன்றோடு அனலாக் நின்றது. 52 முதல் 69 வரையிலான அலைவரிசைகள் டிவியின் கையைவிட்டுப் போயின. மாற்றம் அதோடு முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. 2017-ல் முடிந்த ஏலத்தில் 38 முதல் 51 வரை உள்ளவையும் செல்போன் நிறுவனங்களுக்குப் போயின. அதனால் 987 நிலையங்கள் 2018 நவம்பர் தொடங்கி 2020 ஜூலை வரை, பத்துக் கட்டங்களாக, வேறு அலைவரிசைக்குக் குடிபெயர்ந்தன.

இத்தனை இடமாற்றத்திலும் திரையில் தெரியும் எண் மட்டும் மாறவில்லை. 7.1 என்று டிவி காட்டுவது நிலையத்தின் பெயர்ப்பலகை மாதிரி. உண்மையில் சிக்னல் எந்த அலைவரிசையில் வருகிறது என்பது வேறு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கேஜிஓ நிலையம் திரையில் 7.1; சிக்னல் வருவதோ 12-ல். அதே கோபுரத்திலிருந்து வரும் க்ரான் திரையில் 4.1, அது வருவதுதான் 7-ல். திரை எண்ணைப் பார்த்து ஆன்டெனா வாங்கினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் டிவி சிக்னல் வரைபடம் இருக்கிறது. உங்கள் முகவரியைக் கொடுத்தால் அருகிலுள்ள நிலையங்களை வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தட்டினால் உண்மையான அலைவரிசை எண், கோபுரம் இருக்கும் திசை, சிக்னல் பலம் மூன்றும் கிடைக்கும். ராபிட்இயர்ஸ் என்ற தளம் இன்னும் விரிவாகவே சொல்லும். உங்களுக்கு வேண்டிய சேனல்களுக்கு மட்டும் இந்த விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் தேவைப்படும்.

திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைகிறது

டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் பகுதிதான் ட்யூனர். டிஜிட்டல் ட்யூனருக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால் திரை கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும், "சிக்னல் இல்லை" என்று எழுத்து வரும். புள்ளி இரைச்சல் தெரிந்தால் டிவி அனலாக் ட்யூனரில் இருக்கிறது என்று பொருள். ஒன்று, மெனுவில் அனலாக் தேர்வாகியிருக்கும், டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த டிவியில் டிஜிட்டல் ட்யூனரே இருக்காது.

2007 மார்ச் 1-க்குப் பிறகு இறக்குமதியான, தயாரித்து அனுப்பிய டிவிகளில் டிஜிட்டல் ட்யூனர் கட்டாயம். அதற்கு முந்தைய டிவி என்றால் பின்பக்க லேபிளைப் பாருங்கள். "ஏடிஎஸ்சி" (அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பு முறையின் பெயர்) என்றோ "டிஜிட்டல் ட்யூனர்" என்றோ இருந்தால் நல்லது. "எச்டி ரெடி", "எச்டி மானிட்டர்" என்று மட்டும் இருந்தால் அதில் ட்யூனர் இல்லை. பழைய பொருள் விற்பனையில் மலிவாகப் பெரிய திரை கிடைக்கும்போது இதைக் கவனியுங்கள். கன்வெர்ட்டர் பாக்ஸ் ஒன்று வாங்கி இணைத்தால் அந்த டிவியும் வேலை செய்யும். பாக்ஸை கோஆக்ஸ் கேபிளில் (ஆன்டெனாவிலிருந்து வருகிற உருண்டையான ஒயர்) இணைத்திருந்தால் டிவியை 3 அல்லது 4-ல் வைத்துவிட்டு, சேனல் மாற்றுவதை பாக்ஸின் ரிமோட்டில் செய்யுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களில் இணைத்தால் படம் இன்னும் தெளிவாக இருக்கும்.

"2009-க்கு அப்புறமும் எங்கள் பழைய டிவியில் ஒன்றிரண்டு சேனல் வந்ததே" என்பவர்கள் சொல்வதும் சரிதான். குறைந்த ஆற்றல் நிலையங்களுக்கு அந்தக் கெடு பொருந்தவில்லை. அவற்றில் பல 2021 ஜூலை 13 வரை அனலாக்கிலேயே ஓடின. அதுவும் முடிந்துவிட்டதால் பழைய ட்யூனரில் இனித் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

புயல் நேரத்துக்கென்று எடுத்து வைத்த, பேட்டரியில் ஓடும் சின்ன அனலாக் டிவி இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஃப்ளோரிடா, டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மின்சாரம் போகும் நாளில் அதைத் தேடி எடுத்து ஏமாறக் கூடாது. டிஜிட்டல் ட்யூனர் உள்ள பேட்டரி டிவி கிடைக்கிறது, வாங்கி வையுங்கள்.

ஸ்கேன் முடிந்தும் ஒரு சேனலும் இல்லை

முதலில் மெனுவில் ஸ்கேன் எந்த முறையில் நடக்கிறது என்று பாருங்கள். "கேபிள்", "ஏர்" என்று இரண்டு இருக்கும். சில டிவிகளில் "ஏர்" என்பதற்குப் பதில் "ஆன்டெனா" என்று இருக்கும். முன்பு கேபிள் இணைப்பு வைத்திருந்த வீடுகளில் டிவி அதே முறையில் தங்கிவிடும். ஆன்டெனாவை மாட்டி, கேபிள் முறையில் எத்தனை தடவை தேடினாலும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. இந்த ஒரு தேர்வை மாற்றியதும் முப்பது நாற்பது சேனல் வந்து விழுவதுண்டு.

அதுவும் சரியாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். கோஆக்ஸ் முனையில் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் கம்பி வளைந்திருக்கிறதா, உள்ளே போய்விட்டதா, சுற்றியுள்ள மெல்லிய வலைக் கம்பியில் ஒரு இழை பிரிந்து நடுக்கம்பியைத் தொடுகிறதா? அந்த ஒற்றை இழை போதும், சிக்னல் முழுதும் அங்கேயே செத்துவிடும். பிறகு, சுவரில் ஏற்கெனவே இருக்கும் கோஆக்ஸ் பிளக்கில் ஆன்டெனாவைச் செருகியிருந்தால் அந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். பல வீடுகளில் அது வெளிச்சுவர்ப் பெட்டியில் கேபிள் நிறுவனத்தின் ஸ்ப்ளிட்டரோடு (ஒரு ஒயரைப் பலவாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) முடிந்திருக்கும்.

நேற்று வரை வந்த சேனலைக் காணோம்

ரீஸ்கேன். இதுதான் முதல் மருந்து. நிலையம் அலைவரிசை மாறியதும் டிவி பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். நாம் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னால்தான் புதிய இடத்தைக் கண்டுபிடிக்கும். இன்றும் நிலையங்கள் அவ்வப்போது மாறுகின்றன, ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மாதம் ஒரு தடவை ஸ்கேன் செய்வது நல்ல பழக்கம்.

ரீஸ்கேன் செய்தும் வரவில்லையா? சில டிவிகளும் கன்வெர்ட்டர் பாக்ஸ்களும் பழைய பட்டியலை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைச் சேர்க்கும். ஒரே நிலையத்துக்கு இரண்டு முகவரி இருந்தால் குழம்பிவிடும். அதற்கு இரட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். பூஜ்யம் என்று வரும், அப்படித்தான் வர வேண்டும், பட்டியல் அழிகிறது. பிறகு மின்பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். கேபிளைத் திரும்ப மாட்டி, மின்சாரம் கொடுத்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 2009-லும் எஃப்சிசி மக்களுக்குச் சொன்ன வழி இதுவேதான்.

மற்ற சேனல்கள் வருகின்றன, ஒன்றிரண்டு மட்டும் அடம்பிடிக்கின்றன

இந்த இடத்தில்தான் ஆட்கள் அதிகப் பணத்தை வீணாக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

குறித்து வைத்த தாளை எடுங்கள். அடம்பிடிக்கும் நிலையத்தின் உண்மையான எண் என்ன? 14 முதல் 36 வரை என்றால் யூஎச்எஃப். 7 முதல் 13 வரை என்றால் மேல் விஎச்எஃப். 2 முதல் 6 வரை என்றால் கீழ் விஎச்எஃப். 2009-ல் டிஜிட்டல் டிவி என்றாலே யூஎச்எஃப் என்று கடைகளில் சொல்லி விற்றார்கள். ஜன்னலில் ஒட்டும் தாள் போன்ற தட்டை ஆன்டெனாக்கள் அந்த நம்பிக்கையில் பிறந்தவை. ஆனால் அனலாக் நின்ற அன்றே பல நிலையங்கள் தற்காலிக யூஎச்எஃப் இடத்தை விட்டுத் தங்கள் பழைய விஎச்எஃப் எண்ணுக்குத் திரும்பின. நியூயார்க்கின் டபிள்யூஏபிசி 7-க்கும், டபிள்யூபிஐஎக்ஸ் 11-க்கும் வந்தன. பிலடெல்பியாவின் டபிள்யூபிவிஐ 6-க்கு வந்தது. சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் 7-க்கு வந்து, ஏராளமான வீடுகளில் படமே வராமல் போக, கடைசியில் யூஎச்எஃப்புக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

காரணம் அலையின் நீளம். யூஎச்எஃப் அலைக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆன்டெனா போதும். 7-ஆம் எண்ணுக்கு 85 சென்டிமீட்டர் வேண்டும். 6-ஆம் எண்ணுக்கு ஒன்றே முக்கால் மீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள தாள் ஆன்டெனா இதில் எதைப் பிடிக்கும், எதை விடும் என்பது அளவிலேயே தெரிந்துவிடுகிறது. நியூயார்க்கை அடுத்த எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் "4 வருகிறது, 5 வருகிறது, 7-ம் 11-ம் 13-ம் வரவில்லை" என்று சொல்கிற வீடுகளில் நடப்பது இதுதான். அங்கே 13 என்று தெரியும் டபிள்யூநெட் நிலையமும் வருவது 12-ல். மூன்றுமே மேல் விஎச்எஃப்.

என்ன செய்யலாம்? இரண்டு குச்சி நீட்டும் பழைய மாடல் ஆன்டெனா பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். அதன் குச்சிகளை முழுவதும் இழுத்து விடாதீர்கள். 7 முதல் 13 வரை வேண்டுமென்றால் ஒவ்வொரு குச்சியும் 40 சென்டிமீட்டர் அளவில், இரண்டும் கிடைமட்டமாகப் படுத்திருக்கட்டும். குச்சியின் அகலப் பக்கம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும்; நுனி கோபுரத்தை நோக்கினால் சிக்னல் குறையும். 6-ஆம் எண்ணுக்கு மட்டும் முழு நீளம் இழுக்கலாம். கூரையில் மாட்டுவதானால் "யூஎச்எஃப் + மேல் விஎச்எஃப்" என்று போட்ட ஆன்டெனாவாகப் பார்த்து வாங்குங்கள். கீழ் விஎச்எஃப் தேவையில்லாத ஊரில் அதற்கான பெரிய ஆன்டெனா வாங்கிக் கூரைக்குப் பாரம் ஏற்ற வேண்டாம்.

விஎச்எஃப்புக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு எதிரி உண்டு: மின் இரைச்சல். மலிவான எல்இடி பல்புகள், சார்ஜர்கள், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் இந்த அலைவரிசைகளில் இரைச்சலைக் கொட்டும். சாயங்காலம் விளக்குப் போட்டதும் 7 உடைகிறது என்றால் ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பாருங்கள். ஆன்டெனாவை அந்த விளக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே சரியாகிவிடுவதுண்டு.

பிலடெல்பியாக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். டபிள்யூபிவிஐயின் அலைவரிசை 88 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. எஃப்எம் வானொலி அங்கேதான் தொடங்குகிறது. சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றுக்குள் எஃப்எம்மைத் தடுக்கும் ஃபில்ட்டர் இருக்கும், அது 6-ஐயும் சேர்த்து அமுக்கிவிடும். அதை அணைக்கும் சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விட்டு விட்டு வருகிறது

அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் இரைச்சல் கூடும், ஆனாலும் கதை புரியும். டிஜிட்டலில் ஒரு எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. உடைகிற படம் என்றால் நீங்கள் அந்த எல்லையின் விளிம்பிலேயே நிற்கிறீர்கள்.

ஊரில் மொட்டை மாடி ஏறிப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஆன்டெனா திருப்பிய பழக்கம் இங்கே உதவாது. டிவி மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆன்டெனாவைச் சிறிதளவு நகர்த்தி, கையை எடுத்துவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். ட்யூனருக்குச் சிக்னலைப் பிடித்துப் பூட்ட நேரம் வேண்டும். "பலம்", "தரம்" என்று இரண்டு காட்டினால் தரத்தைப் பின்பற்றுங்கள். பலம் நிறைய, தரம் குறைவு என்றால் பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் பிரதிபலிப்பு கலக்கிறது. இரண்டடி தள்ளி வைத்தாலே மாறிவிடலாம்.

சுவரும் முக்கியம். கலிஃபோர்னியாவின் பூச்சுச் சுவருக்குள் கம்பி வலை இருக்கும். டெக்சாஸில் மேல்தளக் கூரையில் வெப்பம் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். புதிய ஜன்னல் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். மூன்றுமே சிக்னலை மறிப்பவை. அந்த வீடுகளில் வீட்டுக்குள் வைக்கும் எந்த ஆன்டெனாவும் தத்தளிக்கும், வெளியே மாட்டுவதுதான் வழி. குடியிருப்போர் சங்கம் அனுமதிக்காது என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். உங்களுக்குச் சொந்தமான அல்லது நீங்கள் மட்டுமே பயன்படுத்தும் கூரை, பால்கனி, தோட்டத்தில் டிவி ஆன்டெனா வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது என்று எஃப்சிசி விதி 1996 முதல் இருக்கிறது. பல குடும்பங்களுக்குப் பொதுவான கூரைக்கு அது பொருந்தாது. மாட்டும்போது மின்கம்பியிலிருந்து விலகி நில்லுங்கள். கம்பத்தையும் கேபிளையும் வீட்டின் எர்த்தோடு இணைக்காமல் விடாதீர்கள்.

மழையிலும் காற்றிலும் மட்டும் உடைந்தால் கோபுரத் திசையில் இருக்கும் மரத்தைச் சந்தேகியுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நன்றாக வந்த சேனல், மே மாதம் தழைத்ததும் உடையும். அதிகாலையிலும் இரவிலும் மட்டும் கோடையில் உடைந்தால் அது வானிலையின் வேலை. தூரத்து நிலையத்தின் சிக்னல் வளைந்து வந்து மோதுகிறது. அதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, தானாகப் போய்விடும்.

ஆம்ப்ளிஃபையர் போட்ட பிறகு நிலைமை மோசமானது

கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் தேவையே இல்லை. வலுவான சிக்னலை மேலும் பெருக்கினால் ட்யூனர் திணறி எல்லாச் சேனலும் போகும். கழற்றிவிட்டு ஸ்கேன் செய்து பாருங்கள்.

இன்னொன்று, டிவி விட்டுப்போன 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இப்போது செல்போன் கோபுரங்கள் பேசுகின்றன. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் அதையும் டிவி என்று நினைத்துப் பெருக்கும். அருகில் புதிதாக செல் கோபுரம் வந்த நாளிலிருந்து கோளாறு என்றால் 608 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத் தடுக்கும் ஃபில்ட்டரை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் போடுங்கள்.

கம்பத்தில் மாட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் அதே கோஆக்ஸ் கேபிள் வழியாகத்தான் போகிறது. வீட்டுக்குள் இருக்கும் சின்ன பவர் பெட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே சாதாரண ஸ்ப்ளிட்டர் இருந்தால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். ஓடாத ஆம்ப்ளிஃபையர் சிக்னலையும் விழுங்கும். பவர் பெட்டி முதலில், ஸ்ப்ளிட்டர் அதற்குப் பிறகு என்று மாற்றுங்கள். ஒரே ஒரு டிவிதான் என்றால் ஸ்ப்ளிட்டரையே எடுத்துவிடுங்கள். இரண்டாகப் பிரித்தாலே சிக்னலில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

படம் சுற்றிலும் கறுப்புச் சட்டத்துக்குள் சுருங்கியிருக்கிறது. யாரோ இடையில் பேசுகிறார்

பழைய சதுர டிவியில் படம் சுருங்கினால் பாக்ஸ் ரிமோட்டில் "ஜூம்" அல்லது "ஆஸ்பெக்ட்" பட்டன். நடிகர்கள் பேசாத நேரத்தில் யாரோ காட்சியை வர்ணித்துக்கொண்டிருந்தால் அது பார்வையற்றவர்களுக்கான விளக்க ஒலி. ஆடியோ மெனுவில் முதன்மை ஒலிக்கு மாற்றுங்கள்.

படம் வருகிறது, ஒலி இல்லை. அல்லது பூட்டுக் குறி தெரிகிறது

இது புதுக் கோளாறு. 2017 நவம்பரில் எஃப்சிசி, ஏடிஎஸ்சி 3.0 என்ற அடுத்த தலைமுறை ஒளிபரப்பை நிலையங்கள் விருப்பப்பட்டால் தொடங்கலாம் என்று அனுமதித்தது. "நெக்ஸ்ட்ஜென் டிவி" என்று டிவி பெட்டிகளில் போட்டிருப்பது இதுதான். இதற்கெனக் கூடுதல் அலைவரிசை எதையும் கொடுக்கவில்லை. அதனால் ஓர் ஊரின் சில நிலையங்கள் சேர்ந்து ஒரு நிலையத்தின் அலைவரிசையைப் புதிய முறைக்கு ஒதுக்கிவிட்டு, பழைய முறைச் சேனல்களை மற்ற நிலையங்களின் அலைவரிசைகளில் பங்கிட்டுக்கொள்கின்றன. உங்கள் சேனல் திடீரென்று வேறு திசையிலிருந்து வரத் தொடங்கினால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். தாளைப் புதுப்பித்து, ரீஸ்கேன் செய்யுங்கள்.

ஒலி வராததற்குக் காரணம் ஏசி-4 என்ற புதிய ஒலி முறை. டிவியோடு இணைக்கும் தனி ட்யூனர் பெட்டிகளில் சில அதைத் திறக்காது, படம் மட்டும் வரும். பூட்டுக் குறி தெரிந்தால் அந்த நிலையம் சிக்னலை மறையாக்கம் செய்திருக்கிறது. சான்று பெற்ற பெட்டியில்தான் திறக்கும். காற்றில் இலவசமாக வரும் சேனலை இப்படிப் பூட்டுவது எனக்குச் சரியென்று படவில்லை. 2009-ல் 40 டாலர் கூப்பன் கொடுத்தாவது எல்லா வீட்டுக்கும் படம் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்த நாடு இது.

இப்போதைக்குத் தீர்வு எளிது. அதே நிலையத்தின் பழைய முறைச் சேனலுக்குப் போங்கள். சில ட்யூனர்கள் புதிய முறைச் சேனலை 100 கூட்டிக் காட்டும்: 105.1-ல் ஒலி இல்லையென்றால் 5.1-ஐப் பாருங்கள். புதிய பெட்டி வாங்குவதாக இருந்தால் ஏசி-4 ஒலி திறக்குமா, பூட்டிய சேனல்களுக்குச் சான்று இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கையில் இருக்கும் ட்யூனரிலேயே தொடருங்கள்.